குறிப்புகள் என்ற கட்டம்

மூன்று கம்பெனிகள் வந்தன பாம்பனுக்கு.
இரண்டு, மதுரை வரை விமானத்தில்,
அப்புறம் காரில், நடுப்பாலத்தில் ஒரு செல்ஃபியோடு.
ஒன்று கீழக்கரையிலிருந்து பஸ்ஸில்.

முதலாமவர் கருப்புப் பெட்டியைப் புகழ்ந்தார்.
தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது.
ஒன்பதுகளை அவர் எண்ணி முடிக்குமுன் கரண்ட் போனது.
ஆண்டுக்கு ஐந்தே நிமிடம்தான் மேடம் படுக்கும், என்றார் இருட்டில்.
எந்த ஐந்து நிமிடம் என்று கேட்டேன்.
அதற்கு ஸ்லைடு இல்லை.

இரண்டாமவருடையது வெள்ளைப் பெட்டி, பாதி விலை.
ஓடும்போதே இரண்டு தட்டைப் பிடுங்கலாமாம்.
பிடுங்கினேன். ஓடியது.
மூன்றாவதில் கை வைத்தேன்.
"ஐயோ" என்றார்.
செயல்திறன் கட்டத்தில்
அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொண்டேன்.

சிக்கந்தர் மடிக்கணினியைத் திறக்கவே இல்லை.
ஏசி கிரில்லில் விரலை இழுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.
போன வருஷம் எத்தனை ஃபேன் மாத்துனீங்க?
நாலு.
யாரு பெட்டிய வாங்குனாலும் சரி,
இந்த ரூம்ல வைக்காதீங்க. உள் ரூம், மேற்குச் சுவரு.

பழுதானால் நான்கு மணி நேரத்தில் ஆள் வரும்:
மூன்று தாளிலும் ஒரே வாக்கியம்.
கூண்டு ஏறிய நாளில்
காற்று ரயிலை மண்டபத்திலேயே நிறுத்திவிட்டால்
அது பாலத்துக்கு எந்தப் பக்கத்து நான்கு மணி?
முதலாமவர் பெங்களூரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.
இரண்டாமவர் ஒப்பந்தத்தைப் புரட்டி
'இறைவன் செயல்' என்ற பிரிவில் விரல் வைத்தார்.
சிக்கந்தர், ரெண்டு தட்டு உங்க பீரோவுல கிடக்கட்டும் என்றார்,
சாவி உங்ககிட்ட.

சோதனைக்குக் கொடுத்தது எங்கள் டோக்கன் பதிவேடு.
பதினோரு வருஷம்.
படகு எண், டிரைவர், ஆட்கள், டீசல்,
கிளம்பிய நேரம், கரை சேர்ந்த நேரம், குறிப்புகள்.
ஒரே மாதிரி வருவதை
ஒருமுறைதான் வைக்கும் இந்த இயந்திரங்கள்.
மற்ற இடங்களில் ஒரு சுட்டுவிரல், அவ்வளவே.
ஐந்துக்கு ஒன்று என்றார் ஒருவர். ஏழு என்றார் இன்னொருவர்.

சுருங்கத்தான் செய்தது.
திரும்பியது திரும்பியது திரும்பியது
என்ற பதினோரு வருஷமும்
ஓர் உள்ளங்கைக்குள் போயிற்று.
அலுப்பான நாட்களுக்கு எடையே இல்லை போலும்.

சுருங்காமல் கிடந்தவை சில வரிகள்.
ஒன்றில் ஆள் நாலு, டீசல் முந்நூறு லிட்டர்.
குறிப்புகள் கட்டத்தில் யார் யாரோ தட்டியிருந்தார்கள்:
தேடுறாங்க.
மூணாம் நாள் தேடுறாங்க.
பச்சை வலை ஒண்ணு மிதந்துச்சாம், நம்மளுதான்னு தெரியல.
பிரிட்டோ மச்சான் போன் பண்ணுனாரு, என்ன சொல்றது?
கரை சேர்ந்த நேரத்துல எதும் போடாதீங்க.

வேறெந்த வரியைப் போலவும் இல்லாததால்
மூன்று பெட்டிகளும்
அதை ஓர் எழுத்து குறைக்காமல் வைத்துக்கொண்டன.
என் பட்டியலில்
மூவருக்கும் ஒரே மதிப்பெண் விழுந்த இடம் அதுதான்.

கோப்பு ராமநாதபுரம் போனது.
குறைந்த விலைக்குத்தான் ஆர்டர், விதி அப்படி.
வெள்ளைப் பெட்டி வந்து இறங்கியது.
உள் அறையில் வைத்தேன், மேற்குச் சுவரோரம்.
பீரோவில் இரண்டு தட்டு,
எழுதுபொருள் செலவு என்று கணக்கு காட்டி.
தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்டால்
ஐயோ என்று சொல்லலாமென்று இருக்கிறேன்.

சனிக்கிழமை விடியலில் டோக்கன் ஜன்னல் திறந்தது.
நூற்று முப்பத்தேழு படகு.
கரை சேர்ந்த நேரம் எல்லாவற்றுக்கும் காலி.
அத்தனை காலியையும்
ஒரே காலியாக வைத்துக்கொண்டது பெட்டி.

நாளைக்கு எல்லாம் ஒன்றுபோல் நிரம்பட்டும்.
இடம் மிச்சம்.