இருநூறு

புதுக்கடையில், சட்டத்தரணிகளின் கந்தோர்களுக்கு மேலே
மூன்றாம் மாடியில் என் பெயர்ப்பலகை.
ரஷ்யன், சிங்களம், தமிழ், ஆங்கிலம்.
ஒரு பக்கம் இரண்டாயிரம். முத்திரை வேறு.

முதலில் வந்தவை பட்டச் சான்றிதழ்கள்:
லெனின்கிராட்டில் படித்த பல் வைத்தியர்கள்,
மின்ஸ்கில் படித்த எஞ்சினியர்கள்.
பிறகு பல வருடங்கள் ஒன்றுமே வரவில்லை.
கொட்டாஞ்சேனையில் கணக்கு டியூஷன் கொடுத்தேன்.
பிறகு கல்யாணப் பதிவுகள்,
வெலிகமையில் அலைச்சறுக்குப் பழக்கும் பொடியன்களும்
அவர்களைவிடப் பத்து வயது மூத்த நடால்யாக்களும்.
இளநீர்க் கடைக்குக்கூட ரஷ்யனில் பலகை எழுதினேன்.
அழைப்பாணைக்குத் தப்பி ஓடிவந்த பையன்களுக்கு
விசா நீடிப்பு எழுதினேன்.
இப்போது
எதிர்த்திசையில் போனவர்களின் காகிதம்.

இன்று வந்தவள் நிலந்தி, கல்கமுவ.
விடியற்காலை ரயிலின் தூசி இன்னும் கைப்பையில்.
ஒப்பந்தம் ஒன்பது பக்கம்.
ஒரு சொல்லும் விளங்காமல் ஒன்பதிலும்
வடிவான சிங்களத்தில் ஒப்பமிட்டிருக்கிறான் அவள் புருஷன்,
ஓய்வுபெற்ற கோப்ரல்.
கடைசியாகச் சண்டை பிடித்த இடம் எது என்று
நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்:
புதுக்குடியிருப்பு.
மின்விசிறி ஒரு முறை முழுதாகச் சுற்றி வந்தது.
"சமையல் வேலை என்றுதான் கூப்பிட்டார்கள்" என்றாள்.

பிறகு ஃபோனை நீட்டினாள்.
அவனோடு நின்ற எவனோ அனுப்பியது, ஒரே வரி.
உங்கள் லங்கா ஆள் இருநூறு.
"போட்டுப் பார்த்தேன் மஹத்தயா, இருநூறு என்றுதான் வருகிறது.
காசா? இருநூறாயிரம் ரூபிளா?
அனுப்பப் போகிறார்களா?"

என் அகராதி மொஸ்கோவில் அச்சிட்டது, எழுபத்தெட்டில்.
கூட்டுப்பண்ணைக்கு அரைப் பக்கம்.
உழைப்பு வீரன் உண்டு, ஐந்தாண்டுத் திட்டம் உண்டு.
ட்ரோனை நான்தான் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.
இருநூறுக்கு நேரே: நூறின் இரு மடங்கு.

நான் அதைப் படித்தது அகராதியில் இல்லை.

எண்பத்துமூன்று, செப்டெம்பர்.
எரிந்த வெள்ளவத்தையின் மணம் சூட்கேஸுக்குள்ளும் இருந்தது.
புலமைப்பரிசில், தாஷ்கெண்ட், நீர்ப்பாசனம்.
மாதம் தொண்ணூறு ரூபிள்.
பூமியில் பாதி எங்களுக்குச் சொந்தம் என்பதுபோல்
ஐஸ்கிரீம் தின்றபடி பனியில் நடந்தோம்.
விடுதி வாசலில் சாவி கொடுக்கும் கிளாவ்தியா
ஒருநாள் எல்லோருக்கும் சாவியை மாற்றி மாற்றிக் கொடுத்தாள்.
"மகன் இருநூறு" என்று காதுக்குள் சொன்னான் ரவ்ஷான்.
காபூலிலிருந்து துத்தநாகப் பெட்டி, சுற்றிவரப் பற்றவைத்தது.
அது எடையா, படிவத்தின் இலக்கமா,
கேட்டால் ஆளுக்கொரு கதை.
கேட்கவும் கூடாது.

பத்து வருடம் கழித்து
அதே தொண்ணூறுக்கு ஒரு பாண் வாங்கியதாக
ரவ்ஷான் எழுதினான்.
முத்திரையில் புது நாடு.
கொடி இறங்கிற்று, நகரங்கள் பெயர் மாறின,
அந்தச் சொல் மட்டும் ஓய்வுபெறாமல்
இன்னும் வேலைக்குப் போகிறது.

உள்ளதை உள்ளபடி பெயர்க்க
நீதிமன்றத்தில் சத்தியம் செய்தவன் நான்.
'தெசியய்' என்று தட்டினேன்.
தலைக்கு மேல் ஒரு நட்சத்திரக் குறி.
பக்கத்தின் அடியில், நட்சத்திரத்துக்கு நேரே,
விரல் நின்றது.
"வியாழக்கிழமை வாங்கோ."
சுருட்டிய நோட்டை நீட்டினாள்.
"அது பிறகு" என்றேன்.

ஜன்னலுக்குக் கீழே ஓட்டோக்காரன்
மருதானை ஸ்டேஷனுக்கு இருநூறு என்கிறான்.
நூற்றைம்பது என்கிறாள்.
இருநூறு.
நூற்றைம்பது.
விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவள்.