கல் எடுத்த இடம்

பாலத்தில் ஒரு நேரம் ஒரு வண்டிதான் போகும்.
எதிரே மீன் லாரி வந்தால் ஒதுங்கி நில்லுங்கள்,
அதற்குக் காத்திருக்கப் பழக்கமில்லை.
வந்து சேர்ந்தீர்களே, அதுவே பெரிது.
மொசாம்பிக் தீவு இதுதான்.
நீளம் மூன்று கிலோமீட்டர், அகலத்தைக்
கோழி துரத்திக்கொண்டே கடந்துவிடலாம்.

என் பெயர் முவானாஷா.
முகத்தில் இந்த வெள்ளை முசீரு மரக்கட்டை,
சந்தனம்போல் கல்லில் இழைத்துப் பூசியது.
கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்:
திருவிழா ஒன்றுமில்லை, இன்று செவ்வாய்க்கிழமை.

கோட்டையில் தொடங்குவோம்.
ஒல்லாந்தர் இரண்டு முறை பீரங்கியோடு வந்தார்கள்,
இரண்டு முறையும் கப்பலைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.
உள்ளே ஊற்று கிடையாது.
கூரையில் விழும் மழை சரிந்து சரிந்து
இந்தத் தொட்டிக்குள் இறங்கும்.
மூடியை நகர்த்தி 'ஓ' என்று கூப்பிடுங்கள்.
திரும்பி வருவது உங்கள் குரல்தான்,
கொஞ்சம் வயதாகியிருக்கும்.

இங்கிருந்து ஏற்றுமதி ஆனவை
தங்கம், தந்தம், மனிதர்கள்.
பயிற்சித் தாளில் இந்த வரிசைதான்.
நான் கடைசியிலிருந்து தொடங்குவேன்.
அலுவலகத்தில் இதுவரை யாரும்
என்னோடு கூட வந்து கேட்டதில்லை.

கரையில் அபகார் மணி விற்பான்.
உடைந்த கப்பல்களின் கண்ணாடி மணிகளைக்
கடல் இன்னும் சில்லறை சில்லறையாகக் கொடுக்கிறது.
போதாததற்கு அவன்
நம்புலா சந்தையிலிருந்தும் வாங்கி வருகிறான்.
எது எது என்று எனக்குத் தெரியும்.
சொல்ல மாட்டேன், அவனுக்கு மூன்று தங்கைகள்.

யார் கேட்டது?
குடை பிடித்திருக்கும் அம்மாவா?
இத்தனை மாளிகைக்கும் கல் எங்கிருந்து வந்தது என்றா?

பதினோரு வருஷம்.
கதவின் விலை கேட்டார்கள்,
கழிப்பறை கேட்டார்கள்,
கவர்னருக்கு எத்தனை மனைவி என்றுகூட.

அப்படியானால் இன்னும் கால்மணி நேரம் நடக்கலாம்.
இதற்குக் கட்டணம் வேண்டாம்.
ஆஸ்பத்திரியைத் தாண்டினால் சாலை அப்படியே இருக்கும்,
ஊர் மட்டும் கீழே போய்விடும்.
பாருங்கள், கீற்றுக் கூரைகள் உங்கள் முழங்கால் உயரத்தில்.
எங்கள் தெருவுக்கு யாரும் நடந்து வருவதில்லை,
இறங்கித்தான் வருகிறார்கள்.
வெட்டி வெட்டி வடக்கே கொண்டுபோனார்கள்,
வெட்டிய குழியில் நாங்கள் குடியேறினோம்.
என் மகன் அளவுநாடாவோடு அலைந்து
கணக்குப் போட்டு வைத்திருக்கிறான்:
அரண்மனையைத் தலைகீழாகக் கவிழ்த்தால்
எங்கள் தெருவில் சரியாகப் பொருந்துமாம்,
மசூதிக்குப் பின்னால் ஒரு முழம் மட்டும் இடிக்குமாம்.

மழை ஓரவஞ்சனை செய்யாது, இரண்டு பக்கமும் பெய்யும்.
அங்கே அதற்குத் தொட்டி கட்டினார்கள்.
இங்கே
நாங்களே தொட்டி.
ஜனவரியில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு
அடுப்பை அதன்மேல் வைத்துச் சோறு வடித்திருக்கிறேன்.

தலையைக் குனியுங்கள், வாசல் தாழ்வு.
அந்த வலதுபக்கச் சுவர் நாங்கள் எழுப்பியதல்ல.
விரலை வையுங்கள்,
அந்த வரிகள் உளி போன தடம்.
கொடி கட்ட ஓர் ஆணி அடித்துப் பார்த்தோம் போன வாரம்.
ஆணிதான் வளைந்தது.