ரொட்டிக் கத்தி

இருபத்தாறு வருடத்திலிருந்து நான் எடுத்து வந்தவை:
ஒரு ரொட்டிக் கத்தி, இரண்டு போர்வை,
அடுப்போரம் காய்ந்துகொண்டிருந்த செருப்பு.
வீட்டை விற்ற பத்திரத்தில்
முத்திரை குத்தியதும் நான்தான்.
நோட்டரி அலுவலகத்தில் அது என் வேலை.
அன்று மட்டும் மை கொஞ்சம் அதிகமாக அப்பிவிட்டது.

வால்டிவியாவில் ஜூன் மாதம்
மழை பெய்கிறதென்று யாரும் சொல்வதில்லை,
நின்றால்தான் சொல்வார்கள்.
சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை.
கீழே லினோ சக்கரம் சுழற்றிப் பார்க்கும் சத்தம்,
ஈர விறகின் புகை,
ஆற்றோர மீன்சந்தையில்
தலைக்கும் குடலுக்கும் சண்டையிடும் கடல்சிங்கங்கள்.
முதல் வாரம் நான் பேசியது
விறகுக்காரனிடம் மட்டும். அதுவும் விலை.

அலமாரியின் அடித்தட்டில், நாளிதழுக்குக் கீழே
அந்த நாவல். அட்டை இல்லை,
எழுதியவர் பெயரும் அட்டையோடு போயிருந்தது.
பழங்காலத்து அச்சு;
தாள்கள் ஓரத்தில் மடிப்பு வெட்டாமல் ஒட்டிக் கிடந்தன.
எனக்கு முன்னால் குடியிருந்தவர்
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை வெட்டியிருந்தார்.
அங்கே ஒரு பஸ் டிக்கெட். ஒசோர்னோவுக்கு, ஒருவழி.

கதையென்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை.
ஒருவன் தினமும் காலையில்
ஆற்றின் உயரத்தை அளந்து நோட்டில் எழுதுகிறான்.
ஒரு கடிதம் வருகிறது. பிரிக்கவில்லை.
நாற்பது பக்கம் பிரிக்கவில்லை!
நானாயிருந்தால் தபால்காரர் கையிலேயே கிழித்திருப்பேன்.
எரிச்சலில் மூடி வைத்தேன்.
இரவு இரண்டு மணிக்குத் திரும்பத் திறந்தபோது
அவன் அளந்துகொண்டுதான் இருந்தான்:
இன்று நான்கு விரல் கூடியிருக்கிறது.
ஏன் என்று எழுதக் கட்டம் இல்லை.

ஏன், என்று தங்கை கிளோதில்தே கேட்டாள்.
ஏன், என்று அந்தோஃபகாஸ்தாவிலிருந்து மகன்.
எலிசேயோவின் அம்மாகூட, பாவம், போன் போட்டு, ஏன்.
என்னிடமும் அந்தக் கட்டம் இல்லையென்று
சொல்லத் தெரியாமல்
எல்லோருக்கும் ஏதேதோ எழுதிக் கொடுத்திருந்தேன்.

நூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு
கத்தியை எடுத்துக்கொண்டேன்.
இரவுக்கு எட்டுப் பக்கம்; அதற்கு மேல் வெட்டுவதில்லை.
பல் வைத்த கத்தி, ஓரம் பிசிறாகத்தான் வரும்.
மடியில் காகிதத் தூள்.
அச்சகத்தை விட்டு வந்த பின்
அந்தப் பக்கங்கள் பார்த்த முதல் வெளிச்சம்
என் நாற்பது வாட் பல்பு.
ஆறுதல் என்ற சொல் அதில் எங்குமே இல்லை,
தேடிப் பார்த்தேன்.
ஆறுதான் இருந்தது.
ஏறியது, இறங்கியது,
அவன் எழுதினான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடிதத்தைப் பிரித்தான்.
அரசாங்கக் கடிதம்:
தாங்கள் பயன்படுத்தும் அளவுகோல்
தொடக்கத்திலிருந்தே ஒரு விரல் குறைவு, வருந்துகிறோம்.
வாய்விட்டுச் சிரித்தேன்.
கீழே சக்கரம் நின்றது.
"மேலே எல்லாம் சரிதானே?" என்றார் லினோ.
சரியில்லை, என்று கத்தினேன்,
ஆனால் இது வேறு, என்றும்.

மறுநாள் அதே கத்தியால் ரொட்டி அறுத்தேன்.
பழக்கதோஷம், இரண்டு துண்டு.
ஒன்றைத் திரும்பப் பையில் போட்டேன்.
பிறகு, ஜன்னலில் மழையைப் பார்த்தபடி,
அதையும் எடுத்துத் தின்றேன்.