ஐஸ் கழிவு

மாட்டுத்தாவணி மீன் சந்தையில்
இரவு இரண்டரைக்கு என் தராசு விழிக்கும்.
பெட்டிக்கு மூன்று கிலோ ஐஸ் கழிவு.
அதற்கு மேல் பேச்சில்லை.
தூத்துக்குடி வண்டி, ராமேஸ்வரம் வண்டி,
எப்போதும் பிந்தி வரும் கொல்லம் வண்டி.
சூரை வந்தால் மட்டும்
கையுறையைக் கழற்றிவிட்டுத் தொடுவேன்.
பழக்கம்.

நாலு வருஷம் ஒரு தீவில் இருந்தேன்.
பெயர் சொன்னால் மேலூரில்
லட்சத்தீவா என்பார்கள்.
இல்லை, தனி நாடு.
தனிக் கொடி, தனி நோட்டு.
நாட்டுச் சனம் மொத்தத்தையும்
சித்திரையில் வைகைக்குள் இறக்கினால்
அழகர் கூட்டத்தில் காணாமல் போய்விடும்.
கடல் மட்டும்
பத்துத் தமிழ்நாடு.

டின் ஃபேக்டரியில் எனக்குக் குளிர் அறை.
துறைக்கு வந்த பெரிய கப்பல் எதிலும்
அந்தத் தீவின் கொடி இல்லை.
ஒருமுறை வலை வளைத்தால்
மூன்று தெப்பக்குளம் உள்ளே அடங்கும்,
மைய மண்டபத்தோடு.
உரிமக் காசு கஜானாவுக்கு.
மீன் கடல் தாண்டி.
துவைத்தும் போகாத வாடை எங்களுக்கு.

ரோலான் அந்த ஊர்க்காரன்,
என்னோடு பெட்டி அடுக்கியவன்.
அவன் மதியச் சோற்றில்
வேறு நாட்டு லேபிள் ஒட்டிய டின் மீன்.
உங்கள் கடல் சூரைதானா என்றேன்.
"இருக்கலாம்.
ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது."
டின்னின் அடியை விரலால் வழித்தான்.

அவனுக்கு எங்கள் கண்மாயைச் சொன்னேன்.
மீன்பாசி ஏலம்.
எடுப்பவன் வெளியூர்க்காரன்.
மடைக்குக் காவல் போட்டுக்
கெண்டையைக் கேரளாவுக்கு ஏற்றுவான்.
அந்தக் காசில் புரவி எடுப்புக்கு மைக் செட்.
கரையில் நின்று நாங்கள்
கூடை எண்ணுவோம்.

ஆனால் பங்குனி கடந்து
தண்ணீர் முழங்காலுக்கு இறங்கினால்
குத்தகை முடிந்தது.
அம்பலகாரர் வெள்ளைத் துண்டை வீசுவார்.
ஊத்தா, கச்சா, கொசுவலை, அம்மாவின் பழைய சேலை,
எட்டுப் பட்டியும் திமுதிமுவென்று இறங்கும்.
அன்றைக்கு அகப்பட்ட விராலுக்கு விலை கிடையாது.
விற்றால் மழை பொய்க்கும்.
சட்டிக்குத்தான் போகவேண்டும்.

ரோலான் வெகுநேரம் பேசவில்லை.
கம்ப்ரஸர் இரண்டு தடவை நின்று ஓடியது.
பிறகு கேட்டான்:
"எங்கள் கடலுக்கு வற்றத் தெரியாதே.
துண்டை எப்போது வீசுவது?"

முந்தாநாள் போனில் வந்தான்.
ஒப்பந்தத்தை இன்னும் ஆறு வருஷம்
நீட்டிவிட்டார்களாம்.
அவன் அண்ணன் தூண்டில் படகை விற்றுக்
கண்ணாடித் தளம் போட்ட படகு வாங்குகிறானாம்.
வெள்ளைக்காரர்களுக்கு மீன் காட்ட.
பிடிப்பதில்லை,
காட்டுவது மட்டும்.

"உன் கண்மாய் எப்படி இருக்கிறது?"
இருக்கிறது என்றேன்.
இரண்டு வருஷமாய்த் துண்டு விழவில்லை,
தண்ணீர் இறங்கும் முன்பே
குத்தகைக்காரன் மோட்டார் வைத்து இறைத்துக்
குஞ்சுவரை அரித்துவிடுகிறான்
என்பதைச் சொல்லவில்லை.
அவனிடம் அது ஒன்றாவது
இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்று ஒரு பெட்டி சூரை.
முப்பத்தோரு கிலோ.
ஐஸ் வழியிலேயே உருகி ஒழுகி
மீன் மட்டும் உள்ளே கிடந்தது.
ஆனாலும் மூன்று கிலோ கழித்து எழுதினேன்.
"கழிக்கிறீர்களே,
அந்த மூணு கிலோ எங்கேதான் போகுது?"
ஏர்வாடிக்கார டிரைவர் கேட்டார்.

அடுத்த பெட்டியை
ஏற்றச் சொன்னேன்.