ஏழு பவுண்டு

ஹோட்டல் அரங்கில் வகுப்பு இலவசம்,
சூப்பும் இலவசம்.
கைபேசி எண், சம்பளம், வீட்டுக்கடன் பாக்கி
எல்லாம் எழுதிக் கொடுத்த பிறகுதான்
இஷ்பெல்லுக்குக் கரண்டி வந்தது.
பதினோரு நாள் விடாமல் போன்.

பன்னிரண்டாம் நாள்
டண்டீயில் ஆலங்கட்டி மழை.
ஒதுங்கிய நூலகத்தில்
முதுகு பிய்ந்த ஒரு புத்தகம்.
அவளிடம் அது எதையும் கேட்கவில்லை,
சம்பளம் எவ்வளவு என்றுகூட.

கூட்டுவட்டிப் பக்கத்தின் ஓரம்
யாரோ பென்சிலில்:
'இந்த வட்டி பழசு. வங்கியில் விசாரி.'
புது வட்டிக்குக் கணக்கும் போட்டிருந்தார்கள்.

பஸ் டிக்கெட்டின் பின்னால்
அவளும் போட்டாள்.
ஏழு பவுண்டு உதைத்தது.
ஈரக் கையைக் கோட்டில் துடைத்துவிட்டு
மறுபடி போட்டாள்.
அட, தப்பு பென்சில்காரருடையது.

கீழே, இருந்த கொஞ்ச இடத்தில்
நுணுக்கி எழுதினாள்:
'ஏழு விட்டுப்போச்சு.
என்னையும் நம்பாதே, போட்டுப் பார்.'