படுத்தால் கேட்கிறது

எழுந்து உட்கார்ந்தால்
ஒரு நிமிடம் சும்மா இருக்கும்.
பிறகு யாரோ உள்ளிருந்து
இரண்டு காதிலும் உள்ளங்கை வைத்து அமத்துவார்கள்.
படுத்தால் விடுவார்கள்.
இன்றைக்கு இருபத்தோராம் நாள்.

காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் போனேன்.
திருகோணமலை ஆஸ்பத்திரி, பெண்கள் வாட்டு.
இறால் மாதிரி வளைந்து படுக்கச் சொன்னார்கள்.
முழங்கால் நாடியில் முட்ட
நஸ்ரியா மிஸ்ஸி தோளைப் பிடித்துக்கொண்டாள்.
"ஹெல்லென்ன எப்பா" என்றார் முதுகுக்குப் பின்னால் டொக்டர்.
அசைய வேண்டாம் என்று
எனக்கு நானே தமிழில் சொன்னேன்.
பழக்கதோஷம்.
நீதவான் நீதிமன்றத்தில் பதினான்கு வருடமாக
உரைபெயர்ப்பது என் வேலை.

முள்ளந்தண்டிலிருந்து எடுத்தது எட்டு மில்லிலீற்றர்.
ஒரு கண்மருந்துச் சீசா அளவு.
பரிசோதித்துவிட்டு
தெளிந்த தண்ணீர், ஒன்றுமில்லை என்றார்கள்.
ஒன்றுமில்லை என்பதை இரண்டு மொழியிலும்
எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.
சொல்லக் கேட்டவர்கள்
கூண்டிலிருந்து இறங்கிப் போனபோது
அது அவ்வளவு லேசாக இருந்ததில்லை.

கோப்பி குடியுங்கள், சாயம் கூட, என்றார் டொக்டர்.
குடிக்கிறேன். நித்திரைதான் போனது.
மச்சாள் உள்ளி காய்ச்சிய எண்ணெய் கொண்டுவந்தா.
திருக்கடலூரில் சங்குக்கு முங்குகிற சவிரியண்ணர்
மூக்கைப் பொத்தி ஊதச் சொன்னார்,
பத்துப் பாகத்தில் தனக்கு இதுதான் கைகண்டதாம்.
ஊதினேன். தலை இடித்தது.
அவர் தண்ணீருக்குள் இறங்குகிறவர்.
எனக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது.
ஆழத்தின் வைத்தியம் வற்றலுக்குச் சரிவராது.

உட்கார்ந்திருக்கும்போது
எல்லாரும் அடுத்த வீட்டில் பேசுகிறார்கள்.
கிருபா வாயசைக்கிறார்,
சோறா பாணா என்று ஊகித்துத் தலையாட்டுகிறேன்.
மகன் சிரித்தால் பல் தெரிகிறது.
என் குரல் மட்டும்
வெறும் பீப்பாவில் போட்ட கல்லாக
மண்டை முழுக்க.

இதை இவ்வளவு கிட்டத்தில் நான் கேட்டதில்லை.
கூண்டில் நிற்பவர் நான் என்றால்
நானும் நான் என்பேன். அதுதான் முறை.
அவர் சொல்கிறார் என்று சொல்லக்கூடாது.
நான் மாடு களவெடுக்கவில்லை.
நான் அடித்தேன், ஆனால் முதலில் கைவைத்தது அவர்.
நான் அன்றிரவு நிலாவெளியில் இருக்கவே இல்லை.
என் மகன் திரும்பி வரவில்லை ஐயா.
பதினான்கு வருடத்தில் இத்தனை நான்.
எனக்கே எனக்கென்று ஒன்று,
வேலைக்குச் சேர்ந்த அன்று
சத்தியப்பிரமாணத்தில் சொன்னது.

பகலில் படுத்தே கிடக்கிறேன்,
முன்கூடத்துச் சீமெந்துத் தரையில், தலைக்கு ஒன்றும் வைக்காமல்.
அப்போது உவர்மலைக்கு எல்லாம் வரும்.
உள்துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஊதுவது.
பக்கத்து வீட்டுத் திருவலை.
வேலிக்கு வெளியே மான் ஒன்று
சொப்பின் பையைச் சப்புவதுகூட.

ரெஜிஸ்ட்ரார் நேற்று எடுத்தார்.
வியாழக்கிழமை குச்சவெளிக் காணிப் பிணக்கு,
ஆள் இல்லை, வர ஏலுமா?
வரலாம், சாட்சிக் கூண்டுக்கு முன்னால்
பாய் விரித்துத் தந்தால், என்றேன்.
அவர் சிரித்தது துல்லியமாகக் கேட்டது.
நான் சிரிக்கவில்லை.

இரவு ஒரு மணி.
எழுந்து உட்காருகிறேன்.
உள்ளங்கைகள் வந்து அமத்துகின்றன.
கிருபாவின் குறட்டை கடலுக்கு அந்தப் பக்கம் போகிறது.
எனக்குக் காது அடைக்கிறது, என்கிறேன்.
யாருடைய வாக்குமூலமும் இல்லை இது.
உடனே மற்ற மொழியில் சொல்ல வாயெடுத்து
நிற்பாட்டுகிறேன்.