மானுக்கு விலகிய லொறி

மானுக்கு விலகப்போய்த்தான் என்னை அடித்தது
என்று பொலிசில் எழுதியிருக்கிறது.
சிங்களத்தில்.
கீழே என் கையெழுத்து, தமிழில்,
ஊசி மயக்கத்தில் கொஞ்சம் சாய்ந்து.

உட்துறைமுக வீதி, காலை ஏழே கால்.
பின்கதவு பிளந்து பிஸ்கட் பெட்டிகள் தாரில் கொட்டின.
என் கணுக்கால் எலும்பு வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை.
அன்னாசிக் கிறீம் தின்னும் மானைப் பார்த்தேன்.
அதுவும் என்னை ஒருதரம் பார்த்தது.
பிறகு தன் வேலையைப் பார்த்தது.

ஆறாம் நாள் வாட்டுக்கு
கம்பனி ஆள் வந்தார்.
அதே அன்னாசிக் கிறீம் இரண்டு பெட்டி,
நாற்பதாயிரம் ரூபா, ஒரு கடதாசி.
"மனிதாபிமான உதவி அக்கா,
இதில மட்டும் ஒரு சைன்."
நான் தையல்காரி.
எங்கே வெட்டினால் எது குட்டையாகும் என்று தெரியும்.
பிஸ்கட்டை வாங்கினேன்.
பேனையை வாங்கவில்லை.

சட்டத்தரணி றிஸ்வியாவின் அறையில்
மின்விசிறி ஒரு பக்கம்தான் திரும்பும்.
அந்தப் பக்கம் என்னை இருத்தினார்.
"நீதவான் மன்றில் நடக்கிறது பொலிசின் வழக்கு,
உங்கட இல்ல.
அவன் குற்றத்தை ஒப்புக்கொள்வான், தண்டம் கட்டுவான்,
தண்டம் அரசாங்கத்துக்குப் போகும்."
என் கால் எங்கே போகும் என்று கேட்டேன்.
"மாவட்ட நீதிமன்றத்துக்கு"
என்றார், சிரிக்காமல்.

அங்கே ஓட்டினவனையும் கேட்கலாம்,
ஓட்டச் சொன்ன கம்பனியையும் கேட்கலாம்.
காப்புறுதிக்காரருக்கு அறிவித்தல் போகவேண்டும்.
சிங்களத்தில் வைத்த கையெழுத்துக்கு மேலே
தமிழில் இன்னொரு வாக்குமூலம் கொடுக்கலாம்.
இரண்டு வருடம் தாண்டினால்
எந்தக் காலுக்கும் வழக்கில்லை.
ஏழு மாதம் போய்விட்டது.
அதில் நாலு, கட்டிலில்.

"அந்த மான்..." என்று இழுத்தேன்.
"மானைத்தான் அவங்க முன்னுக்கு விடுவாங்க,
கடவுள் செயல் என்பாங்க.
மான் திரியிற ஊரில
மான் வராது என்று ஓட்டுறதுக்குப் பேர்
கவலையீனம்."
இன்னொருதரம் சொல்லச் சொன்னேன்.
வீட்டுக்கு வந்து
அளவு எழுதும் கொப்பியின் பின்மட்டையில் எழுதிவைத்தேன்.

பிறகு கணக்குக் கேட்டார்.
ஜனவரியில் எத்தனை பள்ளிக்கூடச் சட்டை?
நூற்றிருபது. சிலவேளை கூட.
பில் இருக்கிறதா?
பில்லா?
கடனுக்குத் தைத்த பெயர்கள் இருக்கின்றன,
பக்கம் பக்கமாக,
பாதிப்பேர் இன்னும் காசு தரவில்லை.
"அது போதும்" என்றார்.
தராதவர்கள் எனக்குச் சாட்சியாவார்கள் என்று
ஆர் நினைத்தது?

வலிக்கு?
வலிக்குக் கொப்பி இல்லை.

தவணைக்குப் போனேன், ஊன்றுகோலோடு.
திலின என்று கூப்பிட்டார்கள்.
வெள்ளைச் சட்டை, இரவல் சட்டை,
தோள் தையல் முழங்கைப் பக்கம் இறங்கியிருந்தது.
நான் கோபப்பட வந்தவள்,
தோளைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன் மனசுக்குள்.
ஒப்புக்கொண்டான். கட்டினான்.
வெளியே வாகை நிழலில் என்னிடம் வந்தான்.
"அக்கா, குட்டி மான். சின்னது."
எவ்வளவு வேகம் என்றேன்.
"ஒன்பதுக்குள்ள குச்சவெளி.
பிந்தினா சம்பளம் வெட்டு."
அதை மேலே சொல்வாயா என்றேன்.
கம்பனி ஆள் காரில் இருந்தபடி
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.
திலின தன் செருப்பைப் பார்த்தான்.
பிறகு என்னுடையதை.
ஒன்றுதான் போட்டிருந்தேன்.

நேற்று கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் போனது.
தொகையை வாசித்தபோது வெட்கமாக இருந்தது,
யாரோ பணக்காரியின் கால் மாதிரி.
"குறைக்கவா?" என்றார் றிஸ்வியா.
வேண்டாம் என்றேன்.

தபாற்கந்தோரால் வரும்போது
மூன்று மான்கள் வீதிக்கு இறங்கின.
பஸ் நின்றது. ஓட்டோ நின்றது.
ஒரு லொறி, சீமெந்து லொறி, பெருமூச்சு விட்டு நின்றது.
நானும் இறங்கினேன்,
நாலாவதாக,
மெதுவாக.
ஒருத்தனும் ஹோர்ன் அடிக்கவில்லை.